மேலே பட்டனை அமத்தினால் கொக்கி கீழே வருகிறது: கரண்ட் செயின் புளொக்கை என்ன செய்வது?

செங்கலடி மெக்கானிக்:

எல்லோருக்கும் வணக்கம். செங்கலடிப் பக்கம் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். உழவு மெஷினும் நெல் வெட்டும் மெஷினும்தான் அதிகம் வரும். எஞ்சின், கியர்பொக்ஸ் தூக்குவதற்கு ஒரு டன் கரண்ட் செயின் புளொக் ஐ-பீமில் தொங்குகிறது. திரீபேஸ். தகட்டில் 380-415 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது.

போன கிழமை காற்றோடு அடித்த மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் லைன் வேலை நடந்தது. கரண்ட் திரும்பி வந்ததிலிருந்து மேலே பட்டனை அமத்தினால் கொக்கி கீழே வருகிறது, கீழே பட்டனை அமத்தினால் மேலே போகிறது. வேகமும் சத்தமும் முன்னைப் போலவே இருக்கின்றன.

வயரிங் தெரிந்த பொடியன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "பட்டன் பெட்டியைத் திறந்து இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரி, அஞ்சு நிமிட வேலை" என்கிறான். முதலாளியும் ஓம் என்று சொல்லிவிட்டார். பெரும்போக வெட்டு நெருங்குகிறது, மெஷின்கள் வாசல் வரைக்கும் நிற்கின்றன. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் கூடாது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். லைன் வேலைக்கு முன்பிருந்தே, எஞ்சினைத் தூக்கிப் பட்டனை விட்டால் நாலு விரல் அளவு சறுக்கி இறங்கித்தான் நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

ஏறாவூர் வயரிங்:

தம்பி, பட்டன் பெட்டியைத் திறக்க விடாதீர்கள். முதலில் செயின் புளொக்கின் சுவிட்சை ஓஃப் பண்ணிப் பூட்டுங்கள், பிறகு மீதியை வாசியுங்கள்.

பேஸ் வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று பேஸும், அதாவது கரண்ட் வருகிற மூன்று வயரும், எந்த ஒழுங்கில் வருகின்றனவோ அந்த ஒழுங்குப்படிதான் மோட்டார் சுற்றும். இரண்டு இடம் மாறினால் மறுபக்கம் சுற்றும். மெஷினுக்குள் எதுவும் பழுதாகவில்லை.

அந்தப் பொடியன் சொல்கிறபடி செய்தால் பட்டன் சரியாக வேலை செய்யும். அதுதான் ஆபத்தே. உள்ளே ஏற்றுவதற்கு ஒரு கான்டாக்டர் (பட்டனை அமத்தினால் மோட்டாருக்குக் கரண்டை விடுகிற சுவிட்ச்), இறக்குவதற்கு ஒரு கான்டாக்டர் இருக்கின்றன. கொக்கி உச்சிக்குப் போய் லிமிட் சுவிட்சைத் தட்டினால், அது ஏற்றுகிற கான்டாக்டரின் கரண்டை மட்டும்தான் வெட்டும். உங்கள் கொக்கி இப்போது மேலே போவது இறக்குகிற கான்டாக்டர் வழியாக. லிமிட் தட்டுப்பட்டாலும் ஓடுகிற கான்டாக்டருக்கு அது எட்டாது. கொக்கிக் கட்டை மேலே புளொக்கின் உடம்பில் போய் இடிக்கும் வரைக்கும் மோட்டார் இழுக்கும். மறுகா? பாரம் மீறினால் வழுக்கிவிடுகிற ஸ்லிப் கிளச் நல்ல நிலையில் இருந்தால் வழுக்கும். இல்லையென்றால் மோட்டார் எரியும், அல்லது சங்கிலி அறும். எஞ்சினோடு சங்கிலி அறுந்தால் கீழே நிற்கிற ஆளை யார் காப்பாற்றுவது?

பட்டனை மாற்றினாலும் இந்த நிலைமை அப்படியேதான் இருக்கும். வெளியே பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், மேல் லிமிட் செத்துக் கிடக்கும். இப்போது தலைகீழாக ஓடுவதால் நீங்கள் பயந்து நிறுத்தியிருக்கிறீர்கள். பட்டனை மாற்றிவிட்டால் அந்தப் பயமும் போய்விடும்.

மாற்ற வேண்டியது கரண்ட் உள்ளே வருகிற பக்கத்தில். எந்த இடத்தில் என்று சொல்ல ஒன்று தெரிய வேண்டும்: கராஜில் வேறு திரீபேஸ் மோட்டார் இருக்கிறதா? அதுவும் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா?

செங்கலடி மெக்கானிக்:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன் அண்ணன். காற்றுக் கொம்பிரஸர் இருக்கிறது. பெல்ட் மூடியில் அம்புக்குறி ஒரு பக்கம் காட்டுகிறது, வீல் மறுபக்கம் சுற்றுகிறது. காற்று வழக்கம்போல ஏறுவதால் யாரும் கவனிக்கவில்லை.

ஏறாவூர் வயரிங்:

அதையும் நிறுத்துங்கள். பிஸ்டன் கொம்பிரஸர் எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை ஏற்றும். ஆனால் அந்த வீலின் ஆரைகள்தான் ஹெட்டுக்கு விசிறி. எதிர்ப்பக்கம் சுற்றினால் குளிர்காற்று ஹெட்டில் ஒழுங்காகப் படாது, சூடேறிக்கொண்டே போகும்.

இரண்டும் மாறியிருப்பதால் திருத்த வேண்டிய இடம் உங்கள் மெயின் போர்ட். செயின் புளொக் மட்டும் மாறியிருந்தால் அதன் ஐசோலேட்டரில் மாற்றச் சொல்லியிருப்பேன். உரிமம் உள்ள மின்வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மெயினை நிறுத்தி, பூட்டி, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் மூன்று பேஸிலும் பார்த்த பிறகு, ஏதாவது இரண்டு பேஸை இடம் மாற்றினால் போதும். நியூட்ரலிலும் பச்சை-மஞ்சள் எர்த்திலும் கை வைக்கக் கூடாது.

நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம். பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல். புதிய கேபிளில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் பேஸ், நீலம் நியூட்ரல். பழைய கட்டிடத்தில் புதிய கேபிள் இழுத்திருந்தால் கறுப்பும் நீலமும் ஆளைக் குழப்பிவிடும்.

அப்படியே ஒரு பேஸ் வரிசை ரிலேயும் போடச் சொல்லுங்கள். வரிசை மாறினாலோ ஒரு பேஸ் விழுந்தாலோ, அதாவது அதில் கரண்ட் வராமல் போனாலோ, அது ஓட விடாது. ஒரு பேஸ் விழுவது இன்னும் மோசம். மோட்டார் உறுமும், ஏறாது. பிரேக் மட்டும் திறந்து சுமை கீழே இறங்கவும் கூடும்.

வாழைச்சேனை போட் வேலை:

இவ்வளவு பயப்படத் தேவையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். துறைமுகப் பக்கம் போட் எஞ்சின் தூக்குகிற இடத்தில் நாங்கள் பட்டனைத்தான் மாற்றினோம். நல்லாத்தான் ஓடுகிறது. கொக்கியை உச்சி வரைக்கும் கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஏறாவூர் வயரிங்:

அண்ணன், லிமிட்டை அன்றாடம் தட்டி நிறுத்தக் கூடாது என்பது சரிதான். ஆனால் பட்டன் இறுகி ஒட்டிக்கொள்கிற நாளுக்காகவும், பார்வை எஞ்சினில் இருக்க விரல் மட்டும் பட்டனில் இருக்கிற நொடிக்காகவும்தான் அதை வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் உப்புக்காற்று வேறு, பட்டன் தொடுகைகள் எவ்வளவு சீக்கிரம் பச்சை பூக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த தடவை லைன் வேலை நடந்து வரிசை பழையபடி வந்தால் பட்டன் மறுபடியும் தலைகீழாகும். அந்த நேரம் அதில் நிற்கிறவன் புதுப் பொடியனாக இருந்தால்?

உங்கள் மொடலில் லிமிட் நெம்பு வெளியே தெரிகிறதா? தெரிந்தால் நாளைக்கே இதைச் செய்து பாருங்கள். சுமை இல்லாமல், கொக்கி நடு உயரத்தில் இருக்கும்போது ஒருவர் மேலே பட்டனை அமத்தட்டும். இன்னொருவர் எட்ட நின்று காய்ந்த கம்பால் நெம்பைத் தள்ளட்டும். கொக்கி நின்றால் லிமிட் உயிரோடு இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அதற்குப் பிறகு அதில் எஞ்சின் தூக்காதீர்கள்.

சம்மாந்துறை மில் மெயின்டனன்ஸ்:

சறுக்குகிற விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன் தம்பி. பேஸ் மாறியதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. முன்பிருந்தே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எந்த நேரத்தில் சறுக்குகிறது என்று பாருங்கள். மோட்டார் நின்ற பிறகு சுமை இறங்கினால் பிரேக். மோட்டார் சுற்றும்போதே சுமை ஏறாமல் நின்றால் அல்லது இறங்கினால் ஸ்லிப் கிளச். நீங்கள் சொல்வது முதல் வகை போலத் தெரிகிறது. பிரேக் லைனிங் தேய்ந்திருக்கலாம், இடைவெளி கூடியிருக்கலாம், கியர் எண்ணெய் கசிந்து லைனிங்கில் ஏறியிருக்கலாம். எதுவென்றாலும் சுமையை இறக்கி, கொக்கியை வெறுமையாக்கி, கரண்டை வெட்டிய பிறகுதான் திறக்க வேண்டும். சுமை தொங்கும்போது பிரேக்கில் ஸ்பானர் வைத்தால் அந்தச் சுமையைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

கராஜ்களில் பிரேக் சீக்கிரம் தேய்வதற்கு ஒரு காரணம் உண்டு. எஞ்சினைக் கியர்பொக்ஸோடு பொருத்தும்போது பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வொரு மில்லிமீட்டராக இறக்குவீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பிரேக் ஒரு தடவை பிடிக்கிறது, கான்டாக்டர் ஒரு தடவை பொறி விடுகிறது. தகட்டில் 25% ஈடி என்று இருந்தால், பத்து நிமிடத்தில் மோட்டார் ஓடக்கூடியது இரண்டரை நிமிடம்தான். மணிக்கு எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த வகைகளில் 150 என்று சாதாரணமாகப் போட்டிருப்பார்கள். கடைசி அங்குலத்தைப் பட்டனால் செய்யாமல் கீழே ஜக் வைத்துச் செய்தால் பிரேக் நிறைய நாள் உழைக்கும்.

எஞ்சினைப் பிரிக்கிறபோது ஒரு போல்ட் உள்ளே மறந்து கிடந்தால், நீங்கள் தூக்குவது எஞ்சினை அல்ல, முழு உழவு மெஷினை. அது ஒரு டன் புளொக்குக்கு அடங்குகிற எடை இல்லை. சங்கிலி இறுகியதும் ஒரு தடவை நிறுத்தி, சுற்றிவரக் கண்ணால் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். ஒரு சாண் ஏறியதும் மறுபடி நிறுத்துங்கள். பிரேக் பிடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சங்கிலியையும் அளந்து பாருங்கள். வெர்னியரால் 11 கண்ணிகளின் நீளத்தை ஒன்றாக அளந்தால், புதிதாக இருந்ததைவிட 2% கூடினால் மாற்று என்று நிறையக் கையேடுகளில் இருக்கிறது. சுமையோடு அடிக்கடி வீலில் ஏறி இறங்குகிற பகுதியை அளக்க வேண்டும். சும்மா தொங்குகிற நுனியை அளந்தால் புதுச்சங்கிலி போலத்தான் காட்டும்.

செங்கலடி மெக்கானிக்:

சம்மாந்துறைக் காக்கா, மோட்டார் நின்ற பிறகுதான் இறங்குகிறது. சங்கிலியை இன்று அளக்கிறேன். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது யோசனை. வெட்டு நேரத்தில் ஒரு நாள் நிறுத்துவதென்றால் அவருக்கு உயிர் போகிற மாதிரி.

அக்கரைப்பற்று பாதுகாப்பு:

லிமிட் எப்படிச் சாகிறது என்று ஏறாவூர்க்காரர் எழுதியதை ஒரு கடதாசியில் படமாகக் கீறி அவரிடம் காட்டுங்கள். நான் பார்த்த அளவில், காரணம் விளங்கினால் எந்த முதலாளியும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அதற்கும் மசியாவிட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தூக்கும் மெஷினும் சங்கிலியும் கொக்கியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், பாதுகாப்பான வேலைச் சுமை அதில் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும், தகுதியானவர் குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதித்துப் பதிவு வைக்க வேண்டும். ஆளுக்கு ஏதாவது நடந்தால் தொழில் திணைக்களம் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

எஞ்சினைத் தூக்கப் பெல்ட் கட்டுவதையும் கவனியுங்கள். கொக்கியிலிருந்து இரண்டு காலாகப் பெல்ட்டைக் கட்டித் தூக்கும்போது அந்தக் கால்கள் அகன்றால் பாரம் கூடும். இடைக்கோணம் 120 பாகையானால் ஒவ்வொரு காலிலும் முழு எஞ்சின் எடை ஏறுகிறது. புளொக்கின் சங்கிலியையே எஞ்சினைச் சுற்றிக் கொக்கியில் மாட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை விடச் சொல்லுங்கள்.

செங்கலடி மெக்கானிக்:

நடந்ததை எழுதுகிறேன். முதலாளிக்குப் படம் கீறிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "அப்போ அந்தப் பொடியனைத் தொட விடாதே" என்றார். மின்வேலைக்காரர் வந்து மெயினில் இரண்டு பேஸை மாற்றினார். கொம்பிரஸர் அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறது. செயின் புளொக்கில் மேலே என்றால் மேலே. நெம்பைக் கம்பால் தள்ளினோம், உடனே நின்றது. ரிலேக்கும் சொல்லியாயிற்று.

பிரேக் லைனிங் தேய்ந்துதான் இருக்கிறது. சங்கிலி 7.1 மில்லிமீட்டர் தடிப்பு, கண்ணியின் உள்நீளம் 21 மில்லிமீட்டர். 11 கண்ணிக்கு 231 வர வேண்டும், 2% கூட்டினால் 235.6. நடுப்பகுதியில் 237 காட்டியது, நுனியில் 231 தான். காக்கா சொன்னது அச்சொட்டாகச் சரி. இரண்டும் மாற்றும் வரைக்கும் சுவிட்சைப் பூட்டிச் சிவப்பு மட்டை தொங்கவிட்டிருக்கிறேன்.

அது வரைக்கும் கையால் இழுக்கிற ஒரு டன் செயின் புளொக்கைப் பாவிக்கலாம் என்று யோசிக்கிறோம். அதைக் கரண்ட் புளொக்கின் கொக்கியிலேயே மாட்டலாமா?

சம்மாந்துறை மில் மெயின்டனன்ஸ்:

கூடாது தம்பி. தேய்ந்த பிரேக்கிலும் நீண்ட சங்கிலியிலும்தான் மறுபடி பாரத்தைப் போடுகிறீர்கள். கரண்ட் புளொக்கைப் பீமின் ஒரு ஓரத்துக்குத் தள்ளி நிறுத்துங்கள். கை புளொக்குக்கு அதே பீம் அகலத்துக்குப் பொருந்துகிற தனி டிரொலி போட்டு மாட்டுங்கள். பீமின் இரண்டு நுனியிலும் தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இழுக்கும்போது ஒரு ஆள்தான் இழுக்க வேண்டும். ஒருவரால் இழுக்க முடியாமல் இறுகினால் இரண்டாவது ஆளைக் கூப்பிடாதீர்கள். எங்கேயோ போல்ட் இருக்கிறது, இல்லையென்றால் பாரம் ஒரு டன்னைத் தாண்டிவிட்டது. இறக்கிவிட்டுத் தேடுங்கள்.

புதுச்சங்கிலி போடும்போது கண்ணிகளின் ஒட்டு வீலுக்கு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். சங்கிலி இரண்டு இழையாகக் கொக்கிக் கட்டைக்கு இறங்குகிற புளொக் என்றால் கொக்கிக் கட்டை ஒரு தடவை புரண்டாலே சங்கிலி முறுக்கிக்கொள்ளும். மாட்டி முடித்ததும் மேலிருந்து கீழ் வரைக்கும் கண்ணி கண்ணியாகப் பார்த்துவிட்டு, எண்ணெய் பூசி, வெறுமையாக ஏற்றி இறக்கிய பிறகு பாரம் போடுங்கள்.

செங்கலடி மெக்கானிக்:

ஒரு இழைதான் காக்கா. டிரொலி மட்டக்களப்பில் கிடைக்கிறது, நாளைக்குக் காலை எடுக்கப் போகிறேன்.