ஸ்பானிஷில் ‘செய்யாதே’: யார் வாயால் கேட்டுப் பழகினீர்கள்? (மூன்று பேரின் பதில்கள்)

மாட்ரிட் வந்த புதிதில் வகுப்பில் இதை அட்டவணையாகத்தான் கொடுத்தார்கள். மண்டையில் ஏறியது ரெதீரோ பூங்காவில். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களும் பாட்டிகளும் ஓயாமல் சொல்வது இதைத்தானே! ‘நோ கோர்ராஸ்’ (ஓடாதே), ‘நோ கிரீத்தேஸ்’ (கத்தாதே), ‘நோ சூபாஸ்’ (ஏறாதே).

‘ஓடு’ என்பதற்கு ‘கோர்ரே’, ‘கத்து’ என்பதற்கு ‘கிரீத்தா’. முன்னால் ஒரு ‘நோ’ போட்டால் மட்டும் போதாது, கடைசி உயிரெழுத்தும் மாறும். ‘ஆர்’ என்று முடியும் வினைக்கு ‘ஏ’ வரும். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிபவற்றுக்கு ‘ஆ’ வரும். ‘நீ’ என்று பேசும்போது கூடவே ஒரு ‘ஸ்’. நாம் எந்த வினையோடும் ‘ஆதே’ ஒட்டிவிட்டுப் போய்விடுவோம், அந்தச் சுகம் இங்கே இல்லை. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஓடினால் அதே அம்மா ‘நோ கொர்ராயிஸ்’ என்பார்.

ஒரு நாள் ஒரு பொடியன் பக்கத்து பெஞ்சு நாயைத் தொடப் போனான். பாட்டி ‘நோ லோ தோக்கேஸ்!’ என்று அதட்டினார். நாய்க்காரரோ சிரித்துக்கொண்டே ‘தோக்காலோ, தோக்காலோ’ என்றார். தொடு என்றால் ‘லோ’ (அதை) வினையின் வாலில் ஒட்டும், தொடாதே என்றால் பிரிந்து முன்னால் வந்துவிடும். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

*

நான் இருந்தது கொலம்பியாவின் போகோட்டாவில். அங்கே பல வீடுகளில் பெற்ற பிள்ளையிடமே ‘உஸ்தெத்’ (மரியாதையான ‘நீங்கள்’) போட்டுத்தான் பேசுவார்கள். அதனால் நான் கேட்டதெல்லாம் ‘ஸ்’ இல்லாத ‘நோ கோர்ரா’தான். பலரைச் சேர்த்துச் சொன்னால் ‘நோ கோர்ரான்’. மாட்ரிட்டின் ‘கொர்ராயிஸ்’ லத்தீன் அமெரிக்காவில் அன்றாடப் பேச்சில் கிடையாது, அதைப் படிக்காமலே தப்பிக்கலாம்.

*

புவெனஸ் ஐரஸ்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஓடு’ என்பதற்கு அவர்கள் கடைசி அசையை அழுத்தி ‘கொர்ரே’ என்பார்கள். ஆனால் ‘ஓடாதே’ என்று வரும்போது பெரும்பாலும் அதே மாட்ரிட் ‘நோ கோர்ராஸ்’தான். கோபம் ஏறினால் மட்டும் அழுத்தம் பின்னால் போய் ‘நோ கொர்ராஆஸ்’ ஆகும்.

அப்புறம், போர்டுகளைப் பார்த்துப் படிப்பவர்கள் கவனிக்கவும். ‘நோ ஃபுமார்’ (புகைபிடிக்கக் கூடாது), ‘நோ பிசார்’ (மிதிக்கக் கூடாது) என்று மூல வினையை அப்படியே எழுதியிருப்பார்கள். அது பொதுவான தடை அறிவிப்பு. எதிரே நிற்கும் ஆளிடம் அப்படிச் சொன்னால் விறைப்பாக இருக்கும். தெரியாதவரிடம் ‘நோ ஃபூமே, போர் ஃபவோர்’ என்று கேளுங்கள்.