புகையிலையின் கேடு எளியவர்மீது மட்டும் ஏன் கூடுதலாக விழுகிறது?

மருதன்: புகையிலையை விடுவது மன உறுதியைப் பொறுத்தது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் 2016-17ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவதாகவும், படிப்பும் வருமானமும் குறைந்தவர்களிடம் அது மிகுதி என்றும் படித்தேன். கையில் காசில்லாதவர்கள் அல்லவா முதலில் விட வேண்டும்?

வேலூரான்: விலை எல்லாப் பொருளுக்கும் ஒன்றுபோல் ஏறுவதில்லை, ஐயா. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு வரியுடன் இழப்பீட்டு மேல்வரியும் சேர்ந்தது. பீடிக்கு அந்த மேல்வரி அப்போது போடப்படவில்லை. பீடியில் புகையிலைத் தூள் குறைவு, ஆகவே கேடும் குறைவு என்ற நம்பிக்கை வேறு. ஆனால் பீடியைச் சுற்றியிருக்கும் இலை எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. நிகோடினும் தாரும் சிகரெட்டைவிடக் குறைவாக உள்ளே போவதில்லை.

முக்கூடல் மகள்: புகைப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அம்மா வாழ்நாளில் ஒரு பீடியும் புகைத்ததில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நனைத்த இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி வருகிறார். ஆயிரம் சுற்றினால்தான் கூலி. அதிலும் சரியில்லை என்று கடையில் கழித்துவிடுவதற்குக் கணக்கில்லை. அந்தத் தூள் மூச்சில் மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலில் ஏறுகிறது. நாங்கள் படுத்துறங்கியதும் அதே அறையில்தான். இதில் மன உறுதிக்கு எங்கே இடம்?

பல் மருத்துவர்: கட்டட வேலைத் தளங்களில் வாய்ப் பரிசோதனை செய்திருக்கிறேன். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருந்த ஒரு சித்தாள் அம்மாவிடம், புகையிலையை எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். "பதினோரு மணிக்குப் பசிக்கும்போது" என்றார். மருத்துவமனைக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே வலி வந்த பிறகே வருகிறார்கள், புற்றோ பெரும்பாலும் வலிக்கு முன்பே தொடங்கியிருக்கும். 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணைக் கொடுத்தேன். கைபேசி கணவரிடம் இருக்கிறது என்றார்.

மருதன்: என் கேள்வியையே தவறாகக் கேட்டிருக்கிறேன் போலும். முக்கூடல் அம்மாவுக்கு இப்போது மூச்சு எப்படி இருக்கிறது?

முக்கூடல் மகள்: இரவில் இருமல் இருக்கிறது. நேற்றும் எண்ணூறு சுற்றினார்.