உப்புவெளியில் நிக்கிற 1966 எம்.ஜி.பி: 62 லட்சம் கேக்கினம், நியாயமான விலைதானா?

உவர்மலைத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய இங்கிலீஸ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்டு விக்கப் போட்டிருக்கினம். சிவப்பு நிறம், கம்பிச் சில்லு, ஸ்டார்ட் பண்ணினா ஓடுது. கேக்கிற விலை 62 லட்சம். இப்பிடி ஒரு கார் வாங்க வேணும் எண்டு கனகாலமாக் காசு சேர்த்து வாறன். அவசரப்பட்டு எடுக்க விருப்பமில்லை.

அந்த விலைக்கு வீட்டுக்காரர் சொல்ற காரணம் மூண்டு. திருகோணமலை டொக்யார்டில இருந்த வெள்ளைக்கார நேவி அதிகாரி ஒருத்தர் திரும்பிப் போகேக்க விட்டுட்டுப் போன கார் இது எண்டுறார். இலங்கையில இந்த மொடல் விரல் விட்டு எண்ணலாம் எண்டுறார். போன வருசம்தான் முழுசா பெயின்ட் அடிச்சதாம். விளம்பரங்களைப் பாத்தா ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத விலை. டொயோட்டா எண்டா பத்துக் காரைப் பாத்து ஒரு முடிவுக்கு வரலாம். இதுக்கு எதை வைச்சு விலை சொல்றது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கிண்ணியா கராஜ்காரர்:

தம்பி, புதுப் பெயின்ட் எண்டதுக்காக ஒரு சதமும் கூட்டிக் குடுக்காதீங்க. பெயின்டுக்குக் கீழ என்ன இருக்கெண்டு தெரியாத வரைக்கும் அது சந்தேகத்துக்குரிய விசயம்தான்.

எம்.ஜி.பிக்குத் தனியா செசி (அடிச்சட்டம்) இல்லை, உடம்புதான் செசி. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் எண்டா கீழ தனிச் சட்டம் இருக்கு. இதில கதவுக்குக் கீழ முன் சில்லில இருந்து பின் சில்லு வரைக்கும் ஓடுற தகடுகள்தான் முழுக் காரையும் தாங்குது. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு எண்டு மூண்டு அடுக்கு. கூரை இல்லாத கார் எண்டபடியா அந்த மூண்டும் கறள் தின்னா கார் நடுவால தொய்யும். கறள் உள்ளுக்க இருந்து வெளியில வாறது. வெளித்தகட்டில கொப்புளம் தெரியிற நேரம் உள்தகடு அநேகமா முடிஞ்சிருக்கும். உப்புவெளியில கடலுக்குப் பக்கத்தில நிண்ட கார் எண்டா இன்னும் மோசம்.

பாக்கிற முறை இதுதான். கதவுக்கும் பின் மட்கார்ட்டுக்கும் இடையில உள்ள இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கோணும். மேல ஒடுங்கிக் கீழ அகண்டிருந்தா கார் தொய்ஞ்சிருக்கு. அடுத்தது, காரோட வந்த ஜக் போடுற இடத்திலயே ஜக் போட்டு ஒரு பக்கத்தைத் தூக்குங்க. தூக்கின நிலையில கதவைத் திறந்து பூட்டுங்க. நல்ல உடம்பு எண்டா கதவு வழமை போல பூட்டும். கதவு இறுகினா, இல்லாட்டி ஜக் உள்ளுக்க இறங்கினா, அந்தக் காரின்ட விலை அந்த இடத்திலயே மாறீட்டுது. வீட்டுக்காரர் ஜக் போட விட மாட்டன் எண்டு சொன்னாலும் அது உங்களுக்கு ஒரு பதில்தான்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில சுத்தி எடுத்துக்கொண்டு போங்க. முன் மட்கார்ட்டின் கீழ்ப்பாகம், கதவின் அடிவிளிம்பு, பின் சில்லுக்கு முன்னால உள்ள மூலை, இதெல்லாத்திலயும் வைச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்தில தகடு இல்லை, பட்டி பூசி நிரப்பினதுதான் இருக்கு. சீட்டுக்குப் பின்னால பலகையைக் கழட்டினா பெற்றிப் பெட்டி ரெண்டு இருக்கும். அந்த வருசக் காருக்கு ரெண்டு 6 வோல்ட் பெற்றி. அதுக்குக் கீழ நிலம் தெரியுதா எண்டு பாருங்க. கதவுத் தகட்டில சின்னக் கண்ணாடிக்குக் கீழ நிலைக்குத்தா வெடிப்பு இருந்தா அது இந்த மொடலின் பழைய வருத்தம், திருத்தலாம், பெருசாப் பயப்பிடாதீங்க.

எஞ்சினைப் பத்திக் கடைசியா யோசிங்க. 1798 சிசி, இரட்டை எஸ்.யூ காபரேட்டர், நல்ல மெக்கானிக் பாஸ் ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு செய்யிற எஞ்சின். சாமானும் இண்டைக்கும் புதுசா வருது. சூடான பிறகு ஓடேக்க ஒயில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தலுக்கு மேல நிண்டாப் போதும். முதல் கியர் கரகரத்தா அதுக்காக விலை குறைக்கக் கேக்காதீங்க. முதல் கியருக்கு சிங்க்ரோ (கரகரக்காமல் கியர் விழப் பண்ணுற அமைப்பு) 1967 கடைசியில வந்த மார்க் டூ எண்ட அடுத்த பதிப்பிலதான் வந்தது. ரெண்டாம் கியர் கரகரத்தாத்தான் கணக்கு.

வாகன மதிப்பீட்டாளர், கொழும்பு:

கதையையும் ஆவணத்தையும் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை 1957இலேயே இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டது. சீனன்குடா விமானத்தளமும் அதே ஆண்டுதான். எம்.ஜி.பி. உற்பத்தி தொடங்கியது 1962இல். ஆகவே திரும்பிப் போன கடற்படை அதிகாரி 1966ஆம் ஆண்டுக் காரை விட்டுச் சென்றிருக்க வழியில்லை. அதற்கு முந்தைய மொடல்களான எம்.ஜி. டி.டி., டி.எஃப். அல்லது ஆரம்பகால எம்.ஜி.ஏ. என்றால் அப்படி ஒரு கதைக்கு இடமுண்டு. உரிமையாளர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முந்தையவர் சொன்னதை நம்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கதைக்கு விலையில் இடம் இல்லை.

பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். முதல் பதிவுத் திகதி, முந்தைய உரிமையாளர்கள், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் நான்கும் முக்கியம். 1966 ரோட்ஸ்டரின் செசி இலக்கம் ஜி.எச்.என்.3 என்று தொடங்க வேண்டும், ஜி.எச்.டி.3 என்றால் அது கூரையுள்ள ஜி.டி. எஞ்சின் இலக்கம் 18ஜி.பி. என்று தொடங்கினால் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். நம் நாட்டில் பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் ஜப்பான் எஞ்சினை மாற்றிப் போட்டு ஓடியிருக்கிறார்கள். அதைப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருந்தால் உரிமை மாற்றத்தின்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அலைய வேண்டியது நீங்கள்தான். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். விற்பவரின் பெயர் புத்தகத்தில் இல்லாமல், வேறொருவர் கையெழுத்திட்ட ஓபன் பேப்பர் மட்டும் இருந்தால், புத்தகத்தில் உள்ளவரை நேரில் காணும் வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

காரின் பிறப்பை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. தயாரித்த திகதி, முதல் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வரும்.

‘விரல் விட்டு எண்ணலாம்’ என்பதற்கும் ஒரு வார்த்தை. இந்த மொடல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இலங்கையில் குறைவு என்பது சரி, ஆனால் வாங்குகிறவர்களும் இங்கே குறைவுதான். நாளை நீங்கள் விற்க நினைத்தால் அதே குறைவு உங்களுக்கும் பொருந்தும்.

நிலாவெளி ரோட்:

பழைய கார் எல்லாம் விலை ஏறிக்கொண்டுதான் போகும். 2020இல இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பாத்தம்தானே. 62க்கு எடுத்து வைச்சா நாளைக்கு 80.

வாகன மதிப்பீட்டாளர், கொழும்பு:

அது அன்றாட வாகனத்தின் விலை ஏறிய கதை, ஐயா. வேலைக்குப் போக வாகனம் தேவைப்பட்டவர்கள் வேறு வழியில்லாமல் கொடுத்த விலை அது. 2025இல் இறக்குமதியைத் திரும்பவும் திறந்தும்விட்டார்கள். எம்.ஜி.பி. வாங்குகிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை. உடம்பு போன காரின் விலை ஏறுவதற்குள் அதைத் திருத்தும் செலவு ஏறிவிடும்.

உவர்மலைத் தம்பி:

நானா, ஐயா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. போய்ப் பாத்திட்டு வந்தன்.

எஞ்சின் இலக்கம் 18ஜி.பி., புத்தகத்தோட ஒத்துப் போகுது. முதல் பதிவு 1967, முதல் உரிமையாளர் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனி. இப்ப புத்தகத்தில வீட்டுக்காரரின்ர பேர்தான், நிதி நிறுவனம் ஒண்டும் இல்லை. ஒயில் பிரஷர் 55இல நிண்டது. ஓவர்டிரைவ் (வேகமா ஓடேக்க எஞ்சின் சுழற்சியைக் குறைக்கிற மேலதிக கியர்) மூண்டாம் கியரிலயும் விழேல்லை, நாலாம் கியரிலயும் விழேல்லை.

ஜக் போட விட்டார். வலப்பக்கம் கதவு சரியாப் பூட்டிச்சு. இடப்பக்கம் இறுகி நிண்டுட்டுது. காந்தம் இடப்பக்கக் கீழ்த்தகட்டில முழு நீளத்துக்கும் ஒட்டேல்லை, வலப்பக்கம் பின் மூலையில மட்டும் ஒட்டேல்லை. அடியில புதுசாக் கறுப்புத் தார் அடிச்சிருக்கு.

விளம்பரத்தில இருந்து காணாமல் போன ரெண்டு எம்.ஜி.பியின் சொந்தக்காரருக்கும் கோல் எடுத்துக் கேட்டன். ரெண்டும் உடம்பு வேலை முடிஞ்ச கார், ஒண்டு 58க்கும் மற்றது 56க்கும் போயிருக்கு. ரெண்டு பேரும் 70க்குக் கிட்டத்தான் கேட்டிருந்தவையாம்.

கிண்ணியா கராஜ்காரர்:

நல்லாச் செய்தீங்க தம்பி. விளம்பர விலையை விட்டிட்டுக் கை மாறின விலையைக் கேட்டதுதான் இதில பெரிய வேலை. இனிக் கணக்கு லேசு.

நல்ல உடம்போட இந்தக் கார் 57 எண்டு வைப்பம். இடப்பக்கம் மூண்டு அடுக்கும் மாத்தோணும், வலப்பக்கம் பின் மூலை, அடித்தகடும் கொஞ்சம். கூலியும் சாமானும் சேத்து 9 லட்சம் எண்டு போடுங்க. வெட்டி ஒட்டின பிறகு போன வருசத்துப் பெயின்டை வைச்சிருக்க ஏலாது, அதுக்கு நாலரை. ஓவர்டிரைவ், பிரேக், டயர் 3. அதோட தாருக்குக் கீழ என்ன இருக்கெண்டு வெட்டின பிறகுதான் தெரியும், அதுக்கு 4 ஒதுக்குங்க. மொத்தம் இருபதரை. 57இல கழிச்சா முப்பத்தாறரை.

ஓவர்டிரைவை வீட்டுக்காரருக்கு முன்னால பெருசாக் கதைக்காதீங்க. அநேகமான நேரம் வயர், சுவிட்ச் வேலையா இருக்கும். உடம்பைத்தான் கதைக்கோணும். கதவு இறுகினதை அவரும் கண்டவர்தானே, அதுக்கு அவரால மறுப்புச் சொல்ல ஏலாது. 34இல தொடங்குங்க, 37க்கு மேல போகாதீங்க.

உவர்மலைத் தம்பி:

கதைச்சன் நானா. முதல் கோவப்பட்டார். மறுநாள் அவராவே எடுத்து, 42க்குத் தாறன் எண்டார். நான் 37 எண்டு சொல்லி, எழுதின கணக்கையும் அனுப்பியிருக்கிறன். அவருக்கு அந்தக் கார் மேல உண்மையான பாசம் இருக்கு, அதால கணக்கை மரியாதையாத்தான் எழுதினன். மாரி தொடங்க முதல் முடிவு சொல்றன் எண்டிருக்கிறார். 40 எண்டு வந்தா எடுக்கலாமா?

கிண்ணியா கராஜ்காரர்:

37க்கு மேல போற ஒவ்வொரு லட்சமும் உங்கட 4 லட்ச ஒதுக்கில இருந்துதான் போகுது. 38 வரை மனசைச் சமாளிக்கலாம். 40 எண்டா, தாரைச் சுரண்டி ரெண்டு பக்கமும் உள்தகட்டைக் காட்டச் சொல்லுங்க. உள்தகடு நல்லா இருந்தா அந்த 4இல பெரும்பகுதி மிஞ்சும், அப்ப 40 பிழையில்லை. காட்ட மாட்டன் எண்டா 37தான்.

எடுத்தா ஒண்டு மட்டும் கவனம். ஆர் வேலை செய்தாலும், கீழ்த்தகட்டை வெட்ட முதல் கதவு நிலைக்குக் குறுக்கால இரும்புக் கம்பி வெல்ட் பண்ணச் சொல்லுங்க, ஒரு நேரத்தில ஒரு பக்கம் மட்டும் வெட்டச் சொல்லுங்க. கதவைப் போட்டுப் பாத்து இடைவெளி சரியாவெண்டு உறுதிப்படுத்தின பிறகுதான் புதுத் தகட்டை முழுசா ஒட்டோணும். இடப்பக்கம் ஏற்கெனவே தொய்ஞ்சிருக்கிறபடியா, வெட்ட முதல் நடுவில ஜக் குடுத்து இடைவெளியைத் திரும்ப எடுக்கோணும். அதைச் செய்யாமல் தொய்ஞ்ச நிலையில ஒட்டினா அந்த உடம்பு பிறகு நிமிராது.