சாதாரண தரக் கணிதம்: போன மாதம் கேட்டதற்கு ஒரு புதுப்பிப்பு

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அக்காவின் மகளுக்கும் அவளுடைய மூன்று தோழிகளுக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கு, அதாவது பதினோராம் தர முடிவில் எழுதும் பொதுப் பரீட்சைக்கு, கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கொப்பியை வாசித்தால் விளங்குகிறது, வினாத்தாளைக் கண்டால் கை நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். கொப்பியை மூடிவிட்டு, நேரம் வைத்துக் கடந்தகால வினாத்தாள் செய்யவிடுங்கள் என்றீர்கள்.

சரி, அதையே செய்தோம். முதலாம் வினாத்தாளின் 25 சிறு வினாக்களை மட்டும் மாலையில் செய்வார்கள். பிறகு புள்ளித்திட்டத்தைப் பார்த்து ஒருவருடைய தாளை மற்றவர் திருத்துவார். பெரிய மாற்றம் அங்கேதான் வந்தது. விடை பிழைத்தாலும் சரியான படிமுறைக்குப் புள்ளி உண்டு என்பதைத் தாங்களே கண்டார்கள். இப்போது யாரும் வெறுமையாக விடுவதில்லை.

கேத்திரகணிதம் இன்னும் இழுக்கிறது. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை தேற்றங்களைப் பாடமாக்கி வைத்திருக்கிறாள், ஆனால் உருவில் எது பொருந்தும் என்று தெரியவில்லை. நான் அவசரப்பட்டது பிழை. இப்போது அவளோடு தனியாக அரை மணித்தியாலம் இருந்து, தரவுகளை உருவிலேயே குறிக்கப் பழக்குகிறேன்.

அடுத்தது இரண்டாம் வினாத்தாள், மூன்று மணித்தியாலத்தில் 10 வினா. சனிக்கிழமை காலை தொடங்குகிறோம். சொல்லித்தந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.