இதய மாதிரியில் நுரையீரல் தொட்டி நிரம்பி வழிகிறது, வழி சொல்லுங்கள்

வகுப்பறைக்கான இயங்கும் இதய மாதிரி. ஓட்டிய இரண்டே நிமிடத்தில் நுரையீரல் தொட்டி விளிம்பைத் தொடுகிறது, உடல் தொட்டி வற்றி வலது பம்ப் காற்றை இழுக்கிறது. மூன்று வாரமாக இதே நிலை.

கீழறைகளுக்கு இரண்டு தடித்த ரப்பர் பல்பு. வலது பல்பு உடல் தொட்டியிலிருந்து நுரையீரல் தொட்டிக்கும், இடது பல்பு அங்கிருந்து உடல் தொட்டிக்கும் தள்ளும். ஒரே மோட்டார் இரண்டையும் நிமிடத்துக்கு 60 முறை அழுத்தும். ஒருவழி வால்வு 4. தொட்டிகள் தலா 500 மில்லி, பாதி நிரப்பியவை.

பத்துத் துடிப்புக்கு அளந்தால் வலதில் 700 மில்லி, இடதில் 680. துடிப்புக்கு 2 மில்லிதான் குறைவு, ஆனால் நிமிடத்தில் 120 சேர்ந்துவிடுகிறது. உடலின் அழுத்தத்தைக் காட்ட இடது வெளிக்குழாயை இறுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு அழுத்தலிலும் ஈரிதழ் வால்வின் இடத்தில் (இடது பல்பின் நுழைவாயில்) சாயம் மெல்லிய நூலாகப் பின்னோக்கி வருவது தெரிகிறது.

வால்வை மாற்றியதில் கசிவு குறைந்தது, நிற்கவில்லை. வேகத்தை 40 ஆக்கினால் மூன்று நிமிடம் தாங்குகிறது, அவ்வளவே. நுரையீரல் தொட்டியை 15 செ.மீ. உயர்த்தியும் பயனில்லை, பல்பு விரிவதே இல்லை. தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் சமமாகும்தான். ஆனால் உண்மை இதயத்தில் அப்படி வழி கிடையாது, மாணவர்களுக்குத் தவறாகக் கற்பித்ததாகிவிடும். அங்கே அதிக இரத்தம் வந்தால் இடது கீழறைச் சுவர் அதிகம் விரிந்து, அதற்கேற்ப வலுவாகச் சுருங்கும். அதுதான் இதில் வர வேண்டும்.

தொட்டி மட்டம் ஏற ஏற இடது பம்ப் தானாகவே அதிகம் தள்ள, அந்த அறையை எந்தப் பொருளில், எப்படி அமைக்கலாம்?