இன்வெர்ட்டரில் ஓடும் மடிக்கணினி கொதிக்கிறது: ப்ராசஸர் வேகத்தைக் குறைத்தும் பயனில்லை

கேள்வி (தங்கச்சிமடம்):
வணக்கம். மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். விசைப்படகுகள் கரை திரும்பும் நாள்களில், இறாலும் நண்டும் கணவாயும் எடை போடப் போட, தகரக் கூரைக்குக் கீழேயே மடிக்கணினியை வைத்து எக்செலில் ஏற்றிவிடுவேன். பத்தாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது வேலை கூடும்போது தானே ஏறும் வேகத்தில், 4.2 வரை போகும். வெயில் ஏறினால் விசிறி இரைகிறது. விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. வெப்பம் 94 டிகிரி காட்டுகிறது. மின்சாரம் போய்விட்டால் எடை இயந்திரமும் இரண்டு விளக்குகளும் இதே இன்வெர்ட்டரில்தான் ஓட வேண்டும் என்பதால், விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'ஆன் பேட்டரி' (பேட்டரியில் ஓடும்போது) வரியில் ப்ராசஸர் வேகத்தை 60 சதவீதமாக்கினேன். சூடு இம்மியும் குறையவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

மறுமொழி (கீழக்கரை):
இன்வெர்ட்டர் கொடுப்பதும் மின்சாரம்தானே, தம்பி. சார்ஜர் செருகியிருக்கும் வரை ஊரில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது மடிக்கணினிக்குத் தெரியாது. ஆகவே 'ஆன் பேட்டரி' வரியில் நீங்கள் மாற்றியது நடைமுறைக்கே வரவில்லை. பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதன் கீழுள்ள 'ப்ளக்டு இன்' வரியில் 99 என்று இடுங்கள். ஒரு சதவீதத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் 100-க்குக் கீழே வந்தாலே பெரும்பாலான இன்டெல் மடிக்கணினிகளில் டர்போ நின்றுவிடும். ப்ராசஸர் இயங்கச் செலவாகும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுவதால், இரண்டும் 20 சதவீதம் இறங்கினால் அந்தச் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். டர்போவின் மேல்படிகளுக்குத்தான் மின்னழுத்தம் மிகுதியாக வேண்டும். வெட்டுவதானால் அங்கேதான் வெட்ட வேண்டும்.

மறுமொழி (மண்டபம்):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஆசைப்பட்டு 50, 40 என்று இறக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒரு கட்டத்துக்குக் கீழே மின்னழுத்தம் இறங்காது. வேகம் மட்டும் குறைந்தால் வேலை முடிய நேரமாகும், அவ்வளவு நேரமும் திரையும் மற்றவையும் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். வேலையைச் சட்டென முடித்துவிட்டு ப்ராசஸர் உறங்குவதே பல நேரங்களில் சிக்கனம். அதோடு, எக்செல் மட்டும் ஓடும் கணினி 94 டிகிரியைத் தொடுவது எனக்கு இயல்பாகப் படவில்லை. டாஸ்க் மேனேஜரில் எது ப்ராசஸரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பாருங்கள். காற்றுத் துளையையும் பாருங்கள். நம் கரையில் உப்புக்காற்றின் ஈரத்தோடு தூசி சேர்ந்தால் ஊதினாலும் போகாது. என்னுடையதைத் திறந்தபோது விசிறிக்கு முன்னால் சாக்குத் துணிபோல் ஒரு படலம் முழுதாகப் பெயர்ந்து வந்தது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 'ப்ளக்டு இன்' வரியில் 99 இட்டேன், வேகம் 1.6-ஐத் தாண்டவில்லை, வெப்பம் 94-இலிருந்து 72-க்கு இறங்கிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், பிரௌசரில் நான் திறந்துவைத்து மறந்துபோன காணொளிப் பக்கம் ஒன்று காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது, அதையும் மூடினேன். மாதக் கணக்குக் கோப்பு திறக்க மட்டும் சற்றுத் தாமதமாகிறது. அந்த வேலைக்கு, மின்சாரம் இருக்கும் நேரத்தில் 100-க்கு மாற்றிக்கொள்கிறேன். அடிப்பலகையை இன்னும் கழற்றவில்லை. அதன் திருகுகள் நட்சத்திரத் தலை கொண்டவை. அதற்கேற்ற ஸ்க்ரூடிரைவர் இங்குள்ள கடைகளில் இல்லை, ராமநாதபுரம் போகும்போது வாங்கி வர வேண்டும்.