‘அவலாஞ்ச்’: சரிவா, பெருக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கதிர்வீச்சுத் துகள்களைக் கண்டறியும் வாயு நிரப்பிய உணரிகளில், ஓர் எலக்ட்ரான் மோதி மோதிப் பலவாகும் நிகழ்வை ஆங்கிலத்தில் ‘அவலாஞ்ச்’ (avalanche, பனிச்சரிவு) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுவில் நான்கு நாட்களாகப் பேசி வருகிறோம். இதுவரை வந்தவை பனிச்சரிவு, மின்னணுச் சரிவு, மடைதிறப்பு, அப்புறம் ‘அவலாஞ்சி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு கருத்து. எனக்குப் ‘பெருக்கு’ என்ற சொல்தான் சரியாகப் படுகிறது. கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கருவியான கைகர் எண்ணியை வைத்துச் செய்யும் சோதனையை முதுநிலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். செமஸ்டர் நடக்கும்போது இந்தச் சொல் வாரத்துக்கு இரண்டு முறையாவது என் வாயில் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஓர் உலோக உருளை, அதன் நடுவே மெல்லிய கம்பி, இடையில் வாயு. கம்பிக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கிறோம். ஆல்ஃபாத் துகள் ஒன்று வாயுவுக்குள் பாய்ந்தால் வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போடும். அவை கம்பியை நோக்கி நகரும். கம்பியை நெருங்க நெருங்க மின்புலம் கடுமையாகிறது. ஓர் இடத்துக்குப் பிறகு, இரண்டு மோதல்களுக்கு இடைப்பட்ட தூரத்திலேயே ஓர் அணுவிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைப் பிய்க்கும் ஆற்றலை எலக்ட்ரான் பெற்றுவிடுகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படி 20 தடவை இரட்டித்தால் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். இவ்வளவும் கம்பிக்கு மிக அருகே, மயிரிழை போன்ற ஓர் இடைவெளிக்குள் முடிந்துவிடுகிறது.

இந்த மோதல் அயனியாக்கத்தைச் சோதனைகளால் அளந்து விளக்கியவர் ஜான் டவுன்செண்ட். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பயின்று, 1900இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானவர். அதை ஓர் உணரியாக மாற்றியது மான்செஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகம். 1908இல் அங்கே ரதர்ஃபோர்டும் கைகரும் ஆல்ஃபாத் துகள்களை ஒவ்வொன்றாக எண்ண நினைத்தார்கள். ஒரு துகள் தரும் மின்னூட்டம் மிக மிகச் சிறியது, அன்றைய மின்னோட்ட அளவிகளுக்கு அது எட்டாது. அதனால் டவுன்செண்டின் நிகழ்வையே பயன்படுத்தி, வாயுவுக்குள்ளேயே அந்த மின்னூட்டத்தைப் பல ஆயிரம் மடங்காக்கினார்கள். துகள் வந்தால் மின்னூட்டத்தை அளக்கும் கருவியின் முள் துள்ளும். அப்படி எண்ணித்தான் ஒரு கிராம் ரேடியம் நொடிக்கு 3,400 கோடி ஆல்ஃபாக்களை விடுகிறது என்று கணக்கிட்டார்கள். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 3,700 கோடி. கண்ணால் பார்த்து எண்ணிய முள்ளின் துள்ளல்களைக் கொண்டு இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லும்போது எனக்குச் சிலிர்க்கிறது. 20 ஆண்டு கழித்து, 1928இல், கீல் பல்கலைக்கழகத்தில் கைகரும் அவருடைய மாணவர் முல்லரும் செய்த குழாய்தான் இன்று நம் ஆய்வகங்களில் இருப்பது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘சரிவு’ வேண்டாம் என்பதற்கு என் முதல் காரணம் ரெக்கார்டு நோட்டு. கைகர் சோதனையில் மின்னழுத்தத்துக்கு எதிராக எண்ணிக்கையைக் குறித்து மாணவர் வரையும் வரைபடத்தில் பிளாட்டோ என்ற தட்டையான பகுதி வரும். அது முழுத் தட்டையாக இருக்காது, லேசாக ஏறும். அந்த ஏற்றத்தை 100 வோல்ட்டுக்கு இத்தனை விழுக்காடு சரிவு என்று குறிக்கிறோம். கணக்குப் பாடத்திலிருந்தே ‘சரிவு’ அந்தப் பொருளில் ஊறிப்போன சொல். அதே பக்கத்தில், “மின்னழுத்தம் கூடினால் சரிவு பெரிதாகிறது” என்று ஒரு மாணவர் எழுதினால் எதைச் சொல்கிறார்? இரண்டு பொருளிலும் அது சரியான வாக்கியமாக இருக்க முடியும் என்பதுதான் சிக்கல். சென்ற ஆண்டு ஒரு மாணவியின் நோட்டில் இப்படியே வந்தது. நான் தவறென்று குறித்துவிட்டேன். அவர் சொல்ல வந்தது சரி.

இரண்டாவது காரணம் இயற்பியல் சார்ந்தது. சரிவு என்றால் ஒரு பக்கமாக விழுவது. இங்கே எலக்ட்ரான்கள் கம்பியில் போய் விழுவது பாதிக் கதைதான். அவற்றோடு பிறந்த நேர் அயனிகள் (எலக்ட்ரானை இழந்த அணுக்கள்) கம்பியை விட்டு எதிர்ப்பக்கமாக, மிக மெதுவாக விலகிப் போகின்றன. கம்பியில் நாம் பார்க்கும் மின்துடிப்பின் பெரும்பகுதியே அந்த அயனிகளின் நகர்வால் வருவது. எலக்ட்ரான்கள் பிறந்த இடம் கம்பிக்கு அவ்வளவு அருகில் என்பதால் அவற்றின் பங்கு சிறியது. ‘சரிவு’ என்று சொல்லிக்கொடுத்தால், விழுந்ததால்தான் துடிப்பு வந்தது என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடும். பிறகு அதைக் களைவது கடினம்.

அவலாஞ்சி பற்றி. ஊட்டிப் பக்கம் அந்தப் பெயரில் ஊரும் ஏரியும் இருப்பதால் சொல் நமக்குப் புதிதல்ல என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த ஒரு பெரிய மண்சரிவை வைத்து வந்த பெயர். நம் ஆட்களுக்கு இன்று அது இடப்பெயர் மட்டுமே. சொல்லைக் கேட்டவுடன் பொருள் தோன்றாது.

மடைதிறப்பு அழகான சொல், எனக்கும் மனம் போனது. ஆனால் மடையைத் திறந்தால் ஏற்கெனவே தேங்கி நின்ற நீர்தான் வரும். வரும் நீரின் அளவுக்கும் திறந்த கைக்கும் தொடர்பில்லை. விகிதசம எண்ணி என்ற வகை உணரியில் அப்படியல்ல: பத்து எலக்ட்ரான்கள் வந்தால் அதற்கேற்ப, நூறு வந்தால் அதற்கேற்ப வெளியீடு. அந்த விகிதத்தை வைத்துத்தான் துகள் இழந்த ஆற்றலையே அளக்கிறோம்.

இனி ‘பெருக்கு’. நீர்ப்பெருக்கு, வெள்ளப்பெருக்கு, ஆடிப்பெருக்கு என்று நமக்குப் பழகிய பெயர்ச்சொல். ஒன்றை இன்னொன்றால் பெருக்குவதும் அதே வேர். ஒரு நிகழ்வு, அதற்குள் ஒரு கணக்கு, இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. பனியைப் பார்த்தே இராத பிள்ளைக்கும் காவிரியில் தண்ணீர் ஏறுவது தெரியும்.

தடைகளும் வந்தன. மொழிபெயர்ப்பாளர் அக்கா கேட்டார்: “வீடு பெருக்குவது நினைவுக்கு வராதா?” வினையாக வரும்போது வரலாம். ‘ஒரு பெருக்கு’, ‘கம்பியருகே பெருக்கு நிகழ்கிறது’ என்று பெயராக வரும்போது வராது. மாணவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் திகைக்கவில்லை.

பேராசிரியர் ஐயா எழுப்பியது இன்னும் கனமான கேள்வி. பனிச்சரிவு போகிற வழியில் சும்மா கிடக்கும் பனியையும் சேர்த்துக்கொண்டு வளர்கிறது, எலக்ட்ரானும் சும்மா இருக்கும் அணுக்களிலிருந்து துணை சேர்க்கிறது, வெள்ளத்தில் அந்தப் படம் இல்லையே என்றார். ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பவானியும் நொய்யலும் அமராவதியும் வந்து சேர்வதை வைத்து வாதாடலாம், ஆனால் அது இழுத்துப் பிடிப்பது. உவமை அங்கே குறைவுதான். அந்தக் குறையைப் ‘பெருகுதல்’ என்ற வேர்ப்பொருள் ஈடுசெய்கிறது என்பது என் எண்ணம்.

எலக்ட்ரானை ‘மின்னி’ என்று கொண்டு, ‘மின்னிப்பெருக்கு’ என்று முன்னொட்டுச் சேர்க்கலாமா என்றும் யோசித்தேன். வாயுவுக்குப் பொருந்தும். குறைகடத்தியில் பொருந்தாது, அங்கே துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், நேர் மின்னூட்டம்போல் நகர்பவை) மோதிப் புதிய எலக்ட்ரான்-துளை இணைகளை உண்டாக்கும். யாழ்ப்பாணத்து நண்பர்கள் எலக்ட்ரானை இலத்திரன் என்பார்கள், அயனியை அயன் என்பார்கள். முன்னொட்டு இல்லாத சொல் என்றால் இரு கரையிலும் அப்படியே ஓடும்.

தொகைகளில் வைத்துப் பார்த்தேன். டையோடில் எதிர்த்திசை மின்னழுத்தம் மிகும்போது நிகழ்வது ‘பெருக்கு முறிவு’. ஒளியை உணரும் வகை ‘பெருக்கு ஒளிடையோடு’. கைகர் குழாயில் ஒரு பெருக்கில் எழும் புறஊதா ஒளி அடுத்த இடத்தில் இன்னொன்றைத் தூண்டி, கம்பி நெடுகப் பரவுவது ‘தொடர்பெருக்கு’. எத்தனை மடங்கு என்ற எண்ணுக்குப் பாடநூலில் உள்ள ‘பெருக்கம்’ அப்படியே இருக்கட்டும். நிகழ்வு பெருக்கு, அதன் அளவு பெருக்கம், வெளியே உள்ள மின்சுற்று பெருக்கி. “இந்தப் பெருக்கின் பெருக்கம் பத்தாயிரம், அதன் பின் பெருக்கிக்குப் போகிறது” என்று ஒரே வாக்கியத்தில் வரும்போது காது இடறுகிறது, அதை மறைக்கவில்லை. அங்கே மட்டும் அளவுக்கு ‘மடங்கு’ என்று எழுதிவிடலாம்: “இந்தப் பெருக்கில் மடங்கு பத்தாயிரம்.” படிக்க இதமாகவே இருக்கிறது.

தொடர்பெருக்கு ஓய்ந்தபின் மீண்டும் கிளம்பாமல் இருக்க, குழாயில் ஆல்கஹால் ஆவியோ ஆலசன் வாயுவோ சிறிதளவு சேர்ப்பார்கள். அதைத் ‘தணிப்பி’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். அடுப்பைத் தணிக்கிறோம், தாகத்தைத் தணிக்கிறோம், அந்த வழக்கை ஒட்டியது.

வரும் செமஸ்டருக்கான செய்முறைக் கையேட்டின் தமிழ்ப் பகுதியை இந்த வாரக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘பெருக்கு முறிவு’ குறைகடத்திப் பாடம் நடத்துபவர்களுக்கு உறுத்துகிறதா என்பதை மட்டும் அதற்குள் சொல்லுங்கள். வாயு உணரிப் பக்கங்களில் ‘பெருக்கு’ என்றே போட்டுவிட்டேன்.

அன்புடன்